பூட்டிய கதவுக்கு ஒரு வக்காலத்து

கோடை விடுமுறையில் ஐரோப்பா போய்வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "அவ்வளவு தூரம் போனோம், சர்ச் பூட்டியிருந்தது!" விமான டிக்கெட், ரயில் பாஸ், ஹோட்டல் வாடகை எல்லாம் கொடுத்துவிட்டுப் போய்க் கதவில் தொங்கும் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்புவது எரிச்சலான விஷயம்தான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பூட்டு ஏன் தொங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. குறைந்தபட்சம் ஓர் இடத்திலாவது அந்தப் பூட்டுக்குச் சார்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த இடம் ரைஷெனாவ். ஜெர்மனியின் தென்கோடியில், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொள்ளும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் இருக்கும் ஒரு தீவு. ஏரியின் மேற்குப் பகுதிக்குக் கீழ் ஏரி என்று பெயர்; தீவு அதில் கிடக்கிறது. நீளம் நாலரை கிலோமீட்டர் இருக்கும், அகலம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். ஒரு தெம்பான ஆள் காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். தீவு என்றதும் படகு, துடுப்பு, அலை என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். 1838ல் கரையிலிருந்து மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்க, பஸ்ஸிலோ சைக்கிளிலோ போய் இறங்கலாம். கப்பலும் உண்டு, அது ஆசைக்கு.

இந்தத் துக்கடா தீவில் மூன்று பழைய ஆலயங்கள் இருக்கின்றன. கிழக்கே ஓபர்செல் என்ற இடத்தில் புனித ஜார்ஜ், நடுவில் மிட்டல்செல்லில் மரியாள் மற்றும் மாற்கு பெயரிலான பெரிய மடாலய ஆலயம், மேற்கே நீடர்செல்லில் பேதுரு பவுல். மூன்றையும் ரோமனெஸ்க் ஆலயங்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் ஒரே வரியில் அடக்கிவிடும். ரோமனெஸ்க் என்றால், கூரான வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட கோதிக் பாணி வருவதற்கு முந்தைய கட்டடக்கலை. தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சின்னச் சின்ன ஜன்னல். கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போல இருக்கும். கறாராகப் பார்த்தால் ஓபர்செல் ஆலயம் அதற்கும் முந்தியது, 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. ஹாட்டோ என்ற மடாதிபதி 896ல் ரோமிலிருந்து புனித ஜார்ஜின் தலை எலும்பு என்று நம்பப்பட்ட ஒன்றைக் கொண்டுவந்தார், அதை வைக்க இந்த ஆலயம் என்பது வரலாறு. கலை வரலாற்றுக்காரர்கள் இதை ரோமனெஸ்க்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை போடட்டும். பார்க்கப் போகிறவனுக்கு வட்ட வளைவும் தடித்த சுவரும் போதும்.

இந்த ஆலயத்துக்குள்தான் மே முதல் செப்டம்பர் வரை நினைத்த நேரத்தில் போக முடியாது. நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில், வழிகாட்டியோடு குழுவாகப் போகலாம். மற்ற நேரம் பூட்டு. பக்கத்திலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் விளக்கங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். கரையிலிருந்து சாலை வழியாக வந்தால் முதலில் கண்ணில் படும் ஆலயம் இதுதான் என்பதால் ஏமாற்றமும் முதலிலேயே வந்துவிடுகிறது!

காரணம் உள்ளே சுவரில் இருக்கிறது. நடுக்கூடத்தின் இரண்டு பக்கமும், தூண் வரிசையின் வளைவுகளுக்கு மேலே, பக்கத்துக்கு நாலாக எட்டுப் பெரிய ஓவியங்கள். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்பது பரவலான கணிப்பு. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். எட்டும் இயேசு செய்த அற்புதங்கள். வடக்குச் சுவரில் பேய் பிடித்தவன் குணமாவது, நீர்க்கோவை நோயாளி, கடலில் புயலை அடக்குவது, பிறவிக் குருடன். தெற்கே தொழுநோயாளி, நாயீன் ஊர் விதவையின் மகன், யவீருவின் மகள், கல்லறையிலிருந்து எழும் லாசரு. பின்னணியில் நீலம், பச்சை, பழுப்பு என்று பட்டை பட்டையாக நிறம். மெலிந்து உயர்ந்த உருவங்கள், கையை நீட்டிப் பேசும் விரல்கள். ஓவியங்களை மேலும் கீழும் கட்டி நிற்கும் கோலம் போன்ற வளைவுப் பட்டைகள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இவ்வளவு பழைய, இவ்வளவு முழுமையான சுவரோவியத் தொகுதி இன்னொன்று கிடைப்பது அரிது. யுனெஸ்கோ 2000ல் இந்தத் தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இவையும் ஒரு முக்கியக் காரணம்.

ஆயிரம் வருஷமாக இவை எப்படித் தப்பின என்று கேட்டால் பதில் கொஞ்சம் வேடிக்கையானது. பெரும்பகுதி காலம் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை! பிற்காலத்தில் ரசனை மாறியபோது மேலே வெள்ளையடித்துவிட்டார்கள். பழசு, பத்தாம்பசலி, மூடிவிடு. 1880ஐ ஒட்டிய வருஷங்களில்தான் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டி மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைக்கே மேலடுக்கு வண்ணம் பெருமளவு போயிருந்தது. அதாவது, மதிக்காமல் மூடி வைத்த காலத்தில் ஓவியம் பாதுகாப்பாக இருந்தது. மதித்துத் திறந்து வைத்த நூற்றி நாற்பத்துச் சொச்ச வருஷங்களில்தான் ஆபத்து வந்தது.

என்ன ஆபத்து? யாரும் ஆணியால் கீறுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. வருகிறவர்கள் மரியாதையானவர்கள்தான். மூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான் தப்பு.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பூட்டின் நியாயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். பாட்டில் ஒழுகுவதால் அல்ல, சுற்றியுள்ள சூடான காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. தடித்த கல் சுவர் கொண்ட பழைய ஆலயம் அந்த பாட்டில் மாதிரி. குளிர்காலத்துக் குளிர்ச்சியை வெயில் காலத்திலும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். வெளியே ஏரி, சுற்றிலும் தண்ணீர் பாயும் தோட்டங்கள், கோடைக் காற்றில் ஈரம் அதிகம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று உள்ளே வந்து சுவரில் படிகிறது. உள்ளே இருக்கும் மனிதர்கள் வேறு தங்கள் பங்கைச் சேர்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 40, 50 கிராம் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். நூறு பேர் ஒரு மணி நேரம் நின்றால் நாலைந்து லிட்டர். ஒரு பக்கெட்டில் கால்வாசியை அள்ளி ஓவியத்தின் மேல் தெளிப்பதற்கு யாராவது ஒப்புக்கொள்வார்களா? ஆவியாக இருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. சுவரில் ஈரம் ஏறினால் உப்பு கரைகிறது, காய்ந்தால் படிகமாகி வண்ணத்தைத் தள்ளுகிறது. பூஞ்சைக்கும் பாசிக்கும் கொண்டாட்டம். காலடித் தூசி ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் அல்ல, கதவு திறக்கும் எண்ணிக்கையை! இங்கேதான் ரைஷெனாவ்காரர்களின் ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஐம்பது பேர் நாள் முழுக்க ஒவ்வொருவராக வந்து போனால் கதவு நூறு தடவை திறந்து மூடும், இல்லாவிட்டால் "எதுக்கு வம்பு" என்று திறந்தே கிடக்கும். அதே ஐம்பது பேர் ஒன்றாகப் போய் ஒன்றாக வெளியே வந்தால் இரண்டு தடவை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வெளிக்காற்று குளிர்ந்து ஈரம் குறைந்து இருப்பதால் இந்தக் கெடுபிடி தேவையில்லை, பகலில் தாராளமாகத் திறந்து விடுகிறார்கள். மனிதர்களை விரட்டுவதற்காகப் போட்ட விதி என்றால் வருஷம் பூராவும் பூட்டியிருப்பார்களே!

காமர்ஸ் புத்தகத்தில் இதற்குப் பொருத்தமான வார்த்தை இருக்கிறது, எக்ஸ்டர்னாலிட்டி. ஒருவன் செய்யும் காரியத்தின் செலவு அவன் பாக்கெட்டிலிருந்து போகாமல் சம்பந்தமில்லாத இன்னொருவன் தலையில் விழுவது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதை எல்லா ஆசிரியர்களும் உதாரணம் சொல்வார்கள். சுற்றுலாப் பயணியின் மூச்சும் அதே கணக்கில் வரும். அவர் பார்த்து முடித்து, படம் எடுத்து, ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். பில் இன்னும் பிறக்காத யாரோ ஒருவருக்கு வரும். அந்த ஆள் இப்போது வந்து பேரம் பேச முடியாது. அவர் சார்பில் யாராவது கதவில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம், வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கிக் கடைசியில் புதுசு வாங்குகிறோம். இந்தச் சுவருக்குத் தேய்மான நிதி எவ்வளவு வைப்பது? எத்தனை கோடி சேர்த்தாலும் 10ஆம் நூற்றாண்டுத் துறவியைக் கூலிக்கு அழைக்க முடியாது. மாற்று வாங்க முடியாத ஒரு சொத்தைப் பயன்பாட்டு வேகத்தைக் குறைத்து மட்டுமே காப்பாற்ற முடியும். பூட்டு செய்வது அதைத்தான்.

"கூட்டம்தானே பிரச்சினை, கட்டணத்தை ஏற்றிவிட வேண்டியதுதானே" என்று ஒரு தரப்பு சொல்லும். முதலாம் ஆண்டு எகனாமிக்ஸ் படித்த எவரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தேவை அதிகம், அளிப்பு குறைவு, விலையை ஏற்று, வரிசை தானாகக் குறையும். வெனிஸ் நகரம் 2024ல் கூட்டமான நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ வசூலிக்க ஆரம்பித்தது நினைவிருக்கலாம். ஆனால் விலை யாரை வெளியே தள்ளும்? ஆர்வம் இல்லாதவரை அல்ல, காசு இல்லாதவரை. ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடும் பணக்காரப் பயணி கட்டணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். நேரம் குறித்து, அதுவரை காத்திரு என்று சொன்னால் அதே ஆள் "சரி, அடுத்த இடம்" என்று கிளம்பிவிடுவார். இரண்டு மணி நேரம் தோட்டங்களுக்கு நடுவே சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற மாணவனுக்கு உள்ளே இடம் இருக்கும். விலையால் வடிகட்டுவதைவிடப் பொறுமையால் வடிகட்டுவது இந்த மாதிரி இடத்துக்கு ஒத்து வரும். வழிபாட்டு இடத்தில் பணத்தால் வரிசை பிரிப்பது எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் இல்லை.

அடுத்த யோசனை, நகல். பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940ல் கண்டுபிடிக்கப்பட்டன, 1948ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், மூச்சும் விளக்கும் பாசியும் சேர்ந்து பாழாக்கியதால் 1963ல் மூடினார்கள். திறந்திருந்தது வெறும் 15 வருஷம்! 1983ல் பக்கத்திலேயே ஒரு நகல் குகை கட்டினார்கள், 2016ல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இங்கேயும் அப்படி ஒரு நகல் ஆலயம் கட்டினால் என்ன?

குகைக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. லாஸ்கோவில் இப்போது யாரும் குடியிருக்கவில்லை. ஓபர்செல்லில் இன்றைக்கும் வழிபாடு நடக்கிறது. ஊர்க்காரர்கள் பாட்டுப் பாடுகிற, திருப்பலி காண்கிற இடம் அது. அந்த ஓவியங்கள் அந்தச் சுவரில், அந்தப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு, ஜெபிக்கிறவர்கள் தலைக்கு மேலே இருப்பதற்காக வரையப்பட்டவை. நகல் வைத்துவிட்டு ஒரிஜினலை நிரந்தரமாக மூடினால் ஓவியம் மிஞ்சும், ஆலயம் போய்விடும். பகுதி நேரப் பூட்டு இரண்டையும் வைத்திருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டு, "கடவுள் வீட்டை மனிதன் பூட்டலாமா" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வியில் உணர்ச்சி இருக்கிறது, ஆனால் பூட்டப்படுவது வழிபாட்டுக்கு அல்ல, வேடிக்கைக்கு. தவிர, தீவில் இன்னும் இரண்டு ஆலயங்கள் இருக்கின்றன. மிட்டல்செல் ஆலயத்தின் மேற்குப் பகுதி 1048ல் பேரரசர் மூன்றாம் ஹென்றி முன்னிலையில் அர்ப்பணம் ஆனது. கம்பீரமான இடம், ஜெபிக்க வருகிறவனுக்கு அங்கே என்ன குறை? 2001 முதல் ஒரு சிறு பெனடிக்டைன் துறவியர் குழுவும் தீவில் மறுபடி குடியேறியது.

ஓபர்செல்லுக்குள்ளே இன்னொரு ஓவியம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெரிய ஓவியங்களுக்கு முந்நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது, 14ஆம் நூற்றாண்டு. நாலு பேய்கள் ஒரு மாட்டுத் தோலை நாலு மூலையிலும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதில் எழுதுகிற விஷயம் என்ன தெரியுமா? ஆலயத்துக்குள் பெண்கள் அடிக்கும் வெட்டி அரட்டை! அவ்வளவு பேச்சையும் எழுதச் சாதாரண ஏடு போதாது, முழு மாட்டுத் தோல் வேண்டும் என்பது நக்கல். ஆண்கள் அரட்டைக்கு யாரும் தோல் உரித்ததாகத் தெரியவில்லை, வரைந்தது ஆண்கள்தானே :-) ஆனால் விஷயம் பூட்டுக்கும் பொருந்துகிறது. ஆலயத்துக்குள் திறக்கும் வாய்க்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்பே அங்கே எழுதி வைத்துவிட்டார்கள். இன்று பேய்க்குப் பதில் ஈரப்பதம் அளக்கிற கருவி.

சரி, பூட்டுக்குச் சார்பாகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தீவின் பழைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ரைஷெனாவ் மடத்தை 724ல் பிர்மின் என்ற துறவி தொடங்கினார். அவர் காலடி பட்டதும் தீவிலிருந்த பாம்புகளும் பூச்சிகளும் ஏரியில் குதித்து ஓடின என்பது தலபுராணம். நூறு வருஷத்துக்குள் அது ஐரோப்பாவின் பெரிய கல்விக்கூடங்களில் ஒன்று. ரெகின்பெர்ட் என்ற நூலகர் 821, 822 வாக்கில் எடுத்த பட்டியலில் 400க்கும் மேற்பட்ட நூல்கள். கையால் எழுத வேண்டிய காலத்தில் இது எவ்வளவு பெரிய இருப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மடம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்த புகழ்பெற்ற வரைபடம் ஒன்று பக்கத்து சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் இருக்கிறது, அது வரையப்பட்டது இந்தத் தீவில். வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ என்ற மடாதிபதி தோட்டம் வளர்ப்பதைப் பற்றிக் கவிதையே எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் என்று ஒரு துறவி, உடல் முடங்கியவர், தானாக நகரக்கூட முடியாது. கணிதம், வானியல், இசை மூன்றிலும் நூல்கள் எழுதினார். 1054ல், நாற்பது சொச்ச வயதில் இறந்தார்.

அந்த மடத்தில் 824 வாக்கில் ஒரு பெயர்ப் புத்தகம் ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவின் பல மடங்களோடு ஓர் ஒப்பந்தம்: உங்கள் ஆட்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், எங்கள் ஆட்களுக்காக நீங்கள். உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள், துறவிகள், மன்னர்கள், கொடை கொடுத்தவர்கள் என்று காலப்போக்கில் அதில் சேர்ந்த பெயர்கள் சுமார் 38,000. அந்த 38,000 பேரில் எத்தனை பேர் இந்தத் தீவை நேரில் பார்த்திருப்பார்கள்? ரொம்பக் கொஞ்சம். பஸ் இல்லை, சாலை இல்லை, ஆல்ப்ஸைத் தாண்டி நடந்து வர வேண்டும். ஆனாலும் அவர்களுக்கு இந்த இடத்தோடு உறவு இருந்தது. பெயர் அங்கே இருக்கிறது, யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்பது போதுமாக இருந்தது.

1976ல் நீடர்செல் ஆலயத்தில் பழைய பீடக்கல் ஒன்று வெளிப்பட்டது. அதன் மேல் 300க்கும் மேற்பட்ட பெயர்கள். மையால் எழுதியவை, கீறியவை. மேலோட்டமாகப் பார்த்தால் நம்மூர் மலைக்கோட்டைப் பாறையில் காதலர்கள் எழுதுகிற விஷயம் மாதிரிதான் :-) ஆனால் அதுவும் பெயர்ப் புத்தகம் போலவே, பலிபீடத்துக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால் ஜெபத்தில் சேரும் என்ற நம்பிக்கை.

ஓர் இடத்தோடு சம்பந்தம் வேண்டும் என்றால் அங்கே போய் நின்று பார்த்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் புதுசு. மலிவு விமானமும் கேமராவும் சேர்ந்து கொடுத்த எண்ணம். "உலகப் பாரம்பரியம்" என்று அறிவித்துவிட்டால் உலகத்தில் எல்லோருக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு என்று பொருள் கொள்கிறார்கள். எல்லோருக்கும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு உண்டு என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. வரமுடியாதவனும், இன்னும் பிறக்காதவனும் அந்த எல்லோரில் சேர்த்தி. போய்ப் பார்ப்பவர்கள் அதில் சின்னக் கூட்டம்.

இதற்காக ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சாதிக்க முடியாது. பெரிய குறை ஒன்று இருக்கிறது. வழிகாட்டியோடுதான் போகவேண்டும் என்றால், உள்ளே இருக்கும் நேரம் பூராவும் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். வழக்கமாக ஜெர்மனில். மொழி தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். மொழி தெரிந்தவனுக்கும், இந்த ஓவியங்கள் பேச்சுக்கு நடுவே பார்க்கிறவை அல்ல. சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சம் நகர நகர, ஒரு சுவர் மங்கி இன்னொரு சுவர் தெளியும். அதைக் கவனிக்க ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். கூட்டமாக வந்து கூட்டமாகப் போகும் ஏற்பாட்டில் அடிபடுவது அவசரக்காரன் அல்ல, இப்படி உட்கார நினைக்கிறவன்தான். அவனால்தான் சுவருக்குச் சேதம் மிகக் குறைவு என்பது இதில் முரண்.

தினமும் ஒரு முறையை மௌன முறை என்று ஒதுக்கலாமே. கதவு திறக்கும் எண்ணிக்கை கூடாது, அதே ஐம்பது பேர், அதே அரை மணி. விளக்கம் வேண்டுபவர் முன்னாலேயே அருங்காட்சியகத்தில் படித்துக்கொள்ளட்டும். உள்ளே யாரும் பேசக் கூடாது, வழிகாட்டி உட்பட! மாட்டுத் தோல் பேய்கள் சந்தோஷப்படும். செலவில்லாத மாற்றம் இது. பாதுகாப்பு என்றாலே கூடவே ஒரு சொற்பொழிவும் வரவேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்?

ஒரு விஷயம் மட்டும் விதியைப் போட்டவர்கள் பக்கம் நம்பிக்கை தருகிறது. அந்தத் தீவுக்காரர்களுக்கு ஈரப்பதம் என்பது புத்தக விஷயம் அல்ல. மடம் 1540ல் கான்ஸ்டன்ஸ் ஆயரின் கைக்குப் போய், பிறகு படிப்படியாகக் கலைந்து, நூல்கள் கார்ல்ஸ்ரூவுக்குப் போன பிறகு, தீவில் மிஞ்சியது மூன்று ஆலயங்களும் தோட்டமும்தான். இன்றைக்கும் தீவில் எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் குடில்கள். வெள்ளரி, தக்காளி, கீரை. ரைஷெனாவ் வெள்ளரிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடே இருக்கிறது, நம்மூர் காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போல. கண்ணாடிக் குடிலில் எப்போது கதவைத் திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது, ஈரம் ஏறினால் இலையில் என்ன நோய் வரும் என்பதெல்லாம் அங்கே பரம்பரைத் தொழில் அறிவு. வெள்ளரிக்குச் செய்வதை லாசருவுக்கும் செய்கிறார்கள். வெள்ளரி செத்தால் அடுத்த மாதம் இன்னொரு விதை போடலாம்.

பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜூலை, ஆகஸ்ட்டில்தான் போக முடியும் என்றால், புறப்படும் முன் குழு நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், கதவு முன்னால் நின்று யாரையும் திட்ட வேண்டியிருக்காது. லீவு கிடைக்கும் என்றால் அக்டோபர் சிறந்தது. ஏரியில் பனிமூட்டம் இறங்கும், சைக்கிள் கூட்டம் குறைந்திருக்கும், திராட்சை அறுப்பு முடிந்திருக்கும். கான்ஸ்டன்ஸிலிருந்து ரயிலில் ரைஷெனாவ் ஸ்டேஷன், அங்கிருந்து பஸ், பாப்லர் சாலை, முதல் ஆலயம். கதவைத் தள்ளினால் திறக்கும். உள்ளே போனதும் ஞாபகமாகச் சாத்திவிடுங்கள்.